சுடுவதற்குக் காசு கொடுப்பவர்

2025 ஜனவரியில் காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவுக்கு வந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழித்தால் வனத்துறையே சுடும். விவசாயி கையில் துப்பாக்கி கிடையாது. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காப்புக்காட்டை ஒட்டியே கடலைக்காடும் மரவள்ளியும் வைத்திருப்பவருக்கு இதில் என்ன மிச்சம் என்று கேட்டால் பதில் இல்லை.

இந்தப் பேச்சு எழும் இடத்தில் விவரமறிந்த ஒருவர் எப்போதும் ஒரு யோசனை வைத்திருப்பார். "சுடத்தானே போகிறீர்கள்? அந்த உரிமையை ஏலம் விடுங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் லைசென்ஸ் துப்பாக்கியை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு ஏங்குகிற பணக்காரர்கள் எத்தனை பேர்! ஒரு பன்றிக்கு ஒரு லட்சம் கொடுப்பார்கள். விடுதி, ஜீப், சமையல், வழிகாட்டி என்று ஊருக்கும் வருமானம். விவசாயிக்கு நஷ்டஈடு. பன்றியும் குறையும். யாருக்கு நஷ்டம்?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'உயிரைக் கொல்வது பாவம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போக என்னால் முடியாது. நான் கறி தின்பவன். பாவ புண்ணியக் கணக்கை நம்பாதவன். சாமியையே குதிரை வாகனத்தில் ஏற்றிப் பாரிவேட்டைக்கு அனுப்பி வைக்கிற ஊரில், பாவம் என்ற சொல்லை வைத்து வேட்டையைத் தடுக்கவும் முடியாது. யோசனை பணக் கணக்காக வந்திருக்கிறது. பணக் கணக்காகவே பார்ப்போம்.

வேட்டை இன்பத்துக்கு விலை போடும் வேலையைப் பொருளாதார அறிஞர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறார்கள். கடையில் விற்காத பொருளுக்கு விலை காண அவர்கள் கையாளும் வழி எளிது: 'இதற்காக எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று கேட்பது. இப்படிக் கேட்டு எழுதப்பட்ட முதல் ஆய்வே, 1963-ல் ராபர்ட் டேவிஸ் என்பவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளுக்கு வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் வருபவர்களிடம் நடத்தியதுதான். அப்புறம் 1978-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹொரிக்கான் என்ற இடத்தில் நடந்த சோதனை இன்னும் சுவையானது. அங்கே ஒரு காட்டு வாத்தைச் சுட இலவச அனுமதிச்சீட்டு கொடுப்பார்கள். ரிச்சர்ட் பிஷப், தாமஸ் ஹெபர்லைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தச் சீட்டு வைத்திருந்தவர்களைப் பிரித்துக்கொண்டார்கள். சிலரிடம், 'இந்தச் சீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றால் எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று கேட்டார்கள். சராசரி 21 டாலர் வந்தது. சிலரிடம், 'எவ்வளவு தந்தால் சீட்டை விட்டுக்கொடுப்பீர்கள்?' என்றார்கள். 101 டாலர். மூன்றாவது கூட்டத்துக்கு நிஜமாகவே காசோலை அனுப்பிச் சீட்டை விலைக்குக் கேட்டார்கள். 63 டாலர்.

அதே சீட்டு, அதே ஒரு வாத்து. கேள்வியைத் திருப்பிப் போட்டதும் விலை ஐந்து மடங்கு ஏறி இறங்குகிறது. 'கொடுப்பீர்களா' என்றால் பையைத் தடவிப் பார்க்கிறான். 'விடுவீர்களா' என்றால் உரிமைக்காரனாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறான். விலையைத் தீர்மானித்தது வாத்தும் இல்லை, இன்பமும் இல்லை. அந்த வாத்து யாருடையது என்று முதலிலேயே எடுத்துக்கொண்ட முடிவுதான் தீர்மானித்தது. வாத்திடம் எத்தனை டாலர் என்று எவரும் கேட்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். அதைப் பெரிய வாதமாக நீட்ட மாட்டேன்.

தருமபுரிக்கு வருவோம். இந்தக் காட்டில் பொழுதுபோக்கு வேட்டை என்ன விலைக்கு நடந்தது என்பதற்குப் புத்தகச் சாட்சியே இருக்கிறது. கென்னத் ஆண்டர்சன், 1910-ல் பிறந்து 1974-ல் இறந்த பெங்களூர்க்காரர். பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாறு, அஞ்செட்டி, ஜவளகிரி எல்லாம் அவருக்கு வார இறுதிக் காடுகள். அன்றைக்கு அத்தனையும் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி பிரிந்தது, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 1954-ல் வந்த அவருடைய முதல் வேட்டைப் புத்தகத்தை இன்றும் ரசித்துப் படிக்கிறார்கள். நானும் ரசித்தவன்தான். ராத்திரிக் காட்டின் சத்தங்களை அவரைப்போல எழுதியவர்கள் குறைவு.

ஆனால் கணக்குப் பிள்ளையின் கண்ணோடு அதே புத்தகத்தைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. அந்தப் புத்தகத்தின் முதல் கதை ஜவளகிரிப் பெண்புலி. அது ஏன் ஆட்கொல்லி ஆனது என்று அவரே எழுதியிருக்கிறார். அதன் ஜோடியைச் சுட்டுவிட்டார்கள். ஜோடியைத் தேடி அது காடெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தது. அப்போது ஒரு வெள்ளைக்கார இளைஞர் அதையும் சுட்டார். சாகவில்லை, காயத்தோடு தப்பியது. அதற்குப் பிறகுதான் அது மனிதர்களைத் தூக்க ஆரம்பித்தது. செத்தவர்கள் யார்? காட்டோரத்து ஊர்க்காரர்கள். கடைசியில் ஆண்டர்சன் வந்து சுட்டார், கதை முடிந்தது, புத்தகம் விற்றது.

இப்போது கணக்கு எழுதுங்கள். அந்த இளைஞர் ஒரு புலியைச் சுடக் கிடைத்த இன்பத்துக்கு என்ன விலை வேண்டுமானாலும் போடுங்கள். லைசென்ஸ் கட்டணம், பயணச் செலவு, துப்பாக்கி, தோட்டா எல்லாம் வரவு. செலவுப் பக்கத்தில் ஜவளகிரியில் செத்தவர்களை எந்தத் தலைப்பில் எழுதுவது? எழுதவே இல்லை. அவருடைய லைசென்ஸில் அதற்கு இடம் கிடையாது. குறி தப்பிய குண்டின் விலையை வேட்டைக்காரன் கொடுப்பதில்லை, காட்டோரத்தில் இருப்பவன் கொடுக்கிறான். சுட்டவன் பெங்களூருக்கு ரயிலேறிவிடுவான்.

ஆண்டர்சனின் கதைகளில் இரண்டு பேர் திரும்பத் திரும்ப வருவார்கள். பூசாரி இனத்துப் பைரா, பென்னாகரத்து ரங்கா. காலடித் தடம் பார்ப்பது, பரண் கட்டுவது, புலி எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கும் என்று சொல்வது எல்லாம் இவர்கள். இருவரையும் திருட்டு வேட்டைக்காரர்கள் என்றே ஆண்டர்சன் அறிமுகப்படுத்துகிறார். அன்போடுதான் எழுதுகிறார், சந்தேகமில்லை. பைராவைக் காட்டு வித்தையின் குருவாகவே மதித்தார். ஆனாலும் பாருங்கள்: ஒரே காடு, ஒரே ராத்திரி, ஒரே மான். கருமருந்து இடித்துப் போட்ட நாட்டுத்துப்பாக்கியோடு வயிற்றுக்காக உட்கார்ந்திருப்பவன் திருடன். விலை உயர்ந்த ரைஃபிளோடு பொழுதுபோக்க உட்கார்ந்திருப்பவர் விளையாட்டு வீரர். இருவருக்கும் நடுவே இருந்தது சர்க்கார் முத்திரை குத்திய ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை வாங்குகிற வசதி பைராவுக்கு இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. 1950-களிலும் 60-களிலும் வடக்கே ஷிகார் கம்பெனிகள் அமெரிக்கர்களையும் ஐரோப்பியர்களையும் கூட்டிவந்து புலி சுட வைத்தன. அதற்குச் சொன்ன நியாயம் இன்றைய ஏலக்காரர் சொல்லும் அதே நியாயம்: அந்நியச் செலாவணி வருகிறது. 1970-ல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972-ல் எண்ணிப் பார்த்தபோது நாடு முழுவதும் கிடைத்த கணக்கு 1,827 புலி. அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சில விலங்குகளுக்கு லைசென்ஸ் வேட்டை மிச்சம் இருந்தது, 1991 திருத்தத்தில் அதுவும் போயிற்று. செலாவணி வந்த அத்தனை ஆண்டுகளிலும் அதில் ஒரு பைசா பரண் கட்டியவன் குடிசைக்குப் போனதாகக் கதை எழுதியவர்கள்கூட எழுதவில்லை. கூலி கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

இங்கே ஏலக்காரர் குறுக்கே வருவார். "அது பழைய கதை ஐயா. இப்போது பாகிஸ்தானைப் பாருங்கள்." பார்க்கத்தான் வேண்டும். அவர் பக்கத்தில் இருப்பதிலேயே வலுவான சான்று அதுதான். கில்கித்-பல்திஸ்தான் மலைகளில் மார்க்கோர் என்ற முறுக்குக் கொம்பு காட்டு ஆடு அழியும் நிலையில் இருந்தது. ஆண்டுக்குச் சில கிடாய்களை மட்டும் சுட வெளிநாட்டாருக்கு அனுமதி விற்கிறார்கள். ஒரு சீட்டு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. அதில் 80 சதவீதம் உள்ளூர் சமூகத்துக்கு. ஊர்க்காரர்களே காவல் காக்கிறார்கள், ஆட்டின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. நமீபியாவிலும் ஊர்ச் சமூகங்களுக்கு விலங்குகள் மீது உரிமை கொடுத்த பிறகு காடு தழைத்தது. இதை மறுத்துப் பேசினால் நான் பகுத்தறிவாளன் இல்லை, வெறும் பக்தன்.

ஆனால் அங்கே ஆட்டைக் காப்பாற்றியது எது? சுட்டவரின் இன்பமா? ஊர்க்காரன் கைக்கு வந்த உரிமையும் 80 சதவீதப் பணமுமா? மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை தெரியும். ஆப்பிரிக்க நாடுகளின் வேட்டைச் சுற்றுலா பற்றி 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேட்டை நிறுவனங்களின் வருமானத்தில் வேட்டைப் பகுதி மக்களுக்குப் போய்ச் சேர்வது சுமார் 3 சதவீதம்தான் என்றது. 80-க்கும் 3-க்கும் நடுவே உள்ள தூரம் துப்பாக்கியால் வந்ததல்ல.

தருமபுரியில் அந்த உரிமை யார் கையில் இருக்கிறது என்று ஏலக்காரர் முதலில் சொல்லட்டும். 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது, காட்டின் மீது கிராமசபைக்கு உரிமை உண்டு என்றது. நடைமுறையில் காடும் மக்களும் சந்திக்கிற இடம் எப்படி இருக்கிறது? சந்தனமரத்தைத் தேடுகிறோம் என்று 1992 ஜூனில் அரூர் பக்கத்து வாச்சாத்திக்குள் போன அதிகாரிகளும் காவலர்களும் 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டு, 2011-ல்தான் தீர்ப்பு வந்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். பதினெட்டுப் பெண்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமையை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் அடிப்பாலாற்றில் கர்நாடக வனத்துறையினர் சுட்டதில் மேட்டூர் பக்கத்து மனிதர் ஒருவர் ஆற்றில் பிணமாக மிதந்தார். மான் வேட்டைக்கு வந்தார்கள் என்றது துறை, மீன் பிடிக்கப் போனார்கள் என்றது ஊர். 2025 மார்ச்சில் ஏமனூர் காட்டில் தந்தம் வெட்டப்பட்டு எரிந்த நிலையில் ஒரு யானை கிடந்தது. அந்த வழக்கில் பிடிபட்ட ஒருவரும் பிறகு காட்டில் பிணமாகத்தான் கிடைத்தார். யானையைக் கொன்றவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தந்தத்துக்காக யானையைக் கொல்பவன் எனக்கு வேண்டாதவன். ஆனால் மானைச் சுட வந்தான் என்ற பேச்சே ஒருவன் உயிரை வாங்கப் போதுமான காட்டில், சுடும் சுகத்தைப் பணக்காரனுக்கு 'அனுபவம்' என்று பெயர் வைத்து விற்கலாம் என்கிறார்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, அதையும் விடுவோம். நாளைக்கே பென்னாகரத்துக் கிராமசபை ஏலம் நடத்துகிறது, நூற்றுக்கு எண்பது ரூபாய் இருளர் வீட்டுக்கும் விவசாயி வீட்டுக்கும் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஒப்புக்கொள்வாயா என்று கேட்டால், ஒரு எதிர்க்கேள்வி கேட்பேன்.

ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை உறுதியாகிவிட்டது. கருணை மனு தள்ளுபடி. தேதி குறித்தாகிவிட்டது. அவன் எப்படியும் சாகப் போகிறான். ஒரு கோடீஸ்வரர் வருகிறார். "விசையை நான் இழுக்கிறேன். எனக்கு அதில் ஓர் ஆசை. பத்துக் கோடி தருகிறேன், அநாதை இல்லத்துக்குக் கொடுங்கள்" என்கிறார். சாவு ஒன்றுதான், கூடவில்லை. பணம் புதிது. குழந்தைகள் பசியாறுவார்கள். யாருக்கு நஷ்டம்? நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

மாட்டீர்கள். தூக்குத் தண்டனை வேண்டும் என்று மேடையேறிப் பேசுகிறவர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். மனிதனும் பன்றியும் ஒன்றா என்று கோபப்படாதீர்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. கேட்பது இது மட்டும்தான்: பணம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், கொடுப்பவன் எதற்காகக் கொடுக்கிறான் என்பது அழிந்துபோகுமா? தூக்குப் போடும் ஊழியருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது, ஏனென்றால் அது எவரும் விரும்பிச் செய்யக்கூடாத வேலை என்று நினைக்கிறோம். அதையே காசு கொடுத்துச் செய்ய வருகிறவனைப் பார்த்தால் நமக்கு உடம்பு கூசுகிறது.

கேரளத்தில் 2022-ல் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் வந்து சுடுகிறார், கூலி வாங்கிக்கொண்டு போகிறார். பணம் பஞ்சாயத்திலிருந்து துப்பாக்கிக்காரருக்குப் போகிறது. ஏலத்திட்டத்தில் பணம் துப்பாக்கிக்காரரிடமிருந்து ஊருக்கு வருகிறது. பன்றிக்கு இரண்டும் ஒரே சாவு. ஊருக்கு ஒன்றல்ல. கூலிக்காரருக்குப் பன்றி தொல்லை குறைந்தால் வேலை முடிந்தது. காசு கொடுத்து வருபவருக்கு அடுத்த ஆண்டும் பன்றி வேண்டும், அதுவும் பெரிதாக வேண்டும். விடுதிக்காரருக்கும் ஜீப்காரருக்கும் வேண்டும். பன்றி அழிக்காத வயலை எந்தச் சுற்றுலாக்காரனும் தேடி வர மாட்டான். விவசாயியின் தொல்லை ஊரின் முதலாக மாறிவிடும். முதலை யார் ஒழிப்பார்கள்?

கூலி வாங்கிச் சுட்டால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் புலித்தலைக்கு இனாம் கொடுத்தான். 1875 முதல் 1925 வரை ஐம்பது ஆண்டில் இனாமுக்காக மட்டும் எண்பதாயிரம் புலிகளுக்கு மேல் கொன்றார்கள் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்குக் காட்டுகிறார். கூலியும் கண்ணை மறைக்கும். ஆகவே கூலிக்கும் வரம்பு வேண்டும், எண்ணிக்கை வேண்டும், கேள்வி கேட்க ஆள் வேண்டும். ஆனால் கூலிக்கு வரம்பு போடலாம். ஆசையை விற்பனைக்கு வைத்துவிட்டு அதற்கு வரம்பு போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். இந்த மாவட்டம் நடுகல் விளைந்த மண். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல், ஊரைக் காத்துச் செத்தவனுக்குக் கல். தமிழ்நாட்டின் பல ஊர்களில் புலியோடு பொருது செத்தவனுக்கும், பயிரை அழித்த பன்றியைக் குத்தப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். வீரன் கையில் குத்துவாள், எதிரே பின்கால்களில் எழும்பி நிற்கும் புலி. கொன்றதற்காக அந்தக் கல்லை நடவில்லை. ஊருக்காகத் தன் உயிரை வைத்ததற்காக நட்டார்கள். காசு கட்டிப் பரணில் உட்கார்ந்து, கட்டிப்போட்ட கிடாயைத் தின்ன வந்த விலங்கைச் சுட்டுவிட்டு இறங்கியவனுக்கு எந்த ஊரும் கல் நடவில்லை. அவன் தானே தன் வீட்டுச் சுவரில் தலையை மாட்டிக்கொண்டான்.

அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் 2015-ல் ஜிம்பாப்வேயில் சுமார் 50 ஆயிரம் டாலர் கொடுத்து செசில் என்ற சிங்கத்தைக் கொன்றபோது நம் ஊர்க்காரர்களும் முகநூலில் கொதித்தார்கள். கொதித்தவர்களில் எத்தனை பேர் காணும் பொங்கலன்று வேலியோரம் முயல் விரட்டுவதை வேடிக்கை பார்த்தவர்கள்? வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து வந்து கூட்டத்துக்கு நடுவே ஓட விடுகிறார்கள். வனத்துறை ஆண்டுதோறும் அபராதம் போடுகிறது, ஊர்க்காரர்கள் அதைத் திருவிழாச் செலவோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். யோசித்தால், ஏலக்காரரின் திட்டம் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அபராதம்தான் டிக்கெட் விலை. மரபு என்று சொல்லிவிட்டால் நரிக்கு வலிக்காது என்று நாம் நம்பினால், டாலர் கொடுத்தால் சிங்கத்துக்கு வலிக்காது என்று நம்புகிறவனைத் திட்ட நமக்கு வாயில்லை.

மறுபக்கம், வேட்டை என்றாலே முகத்தைச் சுளிக்கிற நகரத்துக் கருணைக்கும் ஒரு வார்த்தை. 2023 மார்ச் 7 அன்று மாரண்டஅள்ளி பக்கத்தில் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி, செத்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியை நாடே பார்த்து அழுதது. வேலி போட்டவர் குற்றவாளி, அதில் பேச்சில்லை. அந்த வேலி யானைக்காகப் போட்டதல்ல, பன்றிக்காகப் போட்டது. கம்பியில் மின்சாரம், புதரில் சுருக்கு, வரப்பில் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி. அவுட்டுக்காயைக் கடித்த பன்றி உடனே சாகாது. தாடை சிதறி, தின்ன முடியாமல், குடிக்க முடியாமல் நாள்கணக்கில் அலைந்து சாகும். சில நேரம் கடிப்பது பன்றியாக இராது, மேய்ச்சலுக்குப் போன பசுவாக இருக்கும். குறி பார்த்துச் சுடப்பட்ட ஒரு தோட்டா இதைவிட ஆயிரம் மடங்கு இரக்கமானது. துப்பாக்கியே கூடாது என்று சென்னையிலிருந்து சொல்பவர், வரப்பில் கிடக்கும் அவுட்டுக்காயைத்தான் தேர்ந்தெடுக்கிறார். அவர் கையில் ரத்தம் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே என் கட்சி இது. பன்றியைச் சுட வேண்டிய இடத்தில் சுட வேண்டும். அரசு சம்பளம் கொடுத்து, பயிற்சி கொடுத்து, கணக்கு வைத்துச் சுட வேண்டும். பென்னாகரத்து இளைஞர்களையே, பைராவின் பேரன்களையே, அந்த வேலைக்கு எடுக்கலாம். காட்டை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. சுட்ட பன்றியைக் கேரளத்தில் செய்வதுபோல மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கும் அபத்தம் இங்கே வேண்டாம். சோதித்து, தின்னக் கூடியதை ஊர் தின்னட்டும். செத்ததை வீணாக்குவதில் எந்தக் கருணையும் இல்லை. அழிந்த பயிருக்கு நஷ்டஈடு அறுவடைக்கு முன் கைக்கு வரட்டும், கோப்பில் ஊறிக் கிடக்க வேண்டாம். இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்றால் வரிப்பணத்திலிருந்து எடுக்கட்டும். காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை 2022-ல் 686 சதுர கிலோமீட்டருக்கு அறிவித்தபோது நாம் எல்லோரும் கைதட்டினோம் அல்லவா, அந்தக் கைதட்டலுக்குரிய பங்கை நாமே கட்டுவோம். காட்டோரத்து விவசாயி ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிட வேண்டாம்.

ஏலத் திட்டம் உங்கள் ஊர்க் கிராமசபைக்கு ஒருநாள் வரும். வருமானம் எவ்வளவு என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: குறி தப்பினால் செலவு யாருடையது? பன்றி ஒழிந்துவிட்டால் உங்கள் கம்பெனிக்கு லாபமா, நஷ்டமா? இரண்டுக்கும் நேர்ப்பதில் வராவிட்டால் எதிர்த்துக் கையைத் தூக்குங்கள்.